பெட்டிக்கு ஒரு பேணி

மலேரியாக் காய்ச்சலை எனக்கு வன்னியில் காடு வெட்டப் போன காலத்திலிருந்தே தெரியும். மலேரியாவைத் தடுக்கிறவர்களை, பாரிசில், லாச்சப்பலில் அவர்களுடைய கந்தோரைக் கூட்டித் துடைக்கப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். காய்ச்சலுக்காவது மருந்து இருக்கிறது.

மெத்ரோ மேம்பாலத்தைப் பார்த்தபடி நிற்கிற கட்டிடத்தில் மூன்றாம் மாடி அலுவலகம். வாசலில் பித்தளைப் பலகை. "ஆபிரிக்கக் கிராமப்புறக் கர்ப்பிணித் தாய்மாருக்கான மலேரியாத் தடுப்பு விநியோக மேம்பாட்டு உயர் மையம்." மகள் தமிழ்ப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினபோது அவளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து எழுத்துப் பழகினவன் நான். பிரெஞ்சு எழுத்து அதுக்கும் பிறகு. அதனால் எனக்கு வாசிப்பு மெதுவாகத்தான் வரும். இந்தப் பலகையை ஒரு முனையில் துடைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினால், மற்ற முனைக்குப் போய்ச் சேருகிறபோது தொடங்கின இடத்தில் தூசி படிந்துவிடும். நாங்கள் சுருக்கமாக மையம் என்போம்.

நாங்கள் என்றால் நானும் ஹாவாவும். ஹாவா மாலி நாட்டுக்காரி. என்னைத் "தொந்தோன்" என்று கூப்பிடுவாள், மாமா என்கிற மாதிரி. புறநகர் சார்செலில் இருந்து நான் வந்து இறங்கும்போது அவள் ஏற்கெனவே தும்புத்தடியும் கையுமாக நிற்பாள். அவளோடு நான் கதைக்கிறது துடைக்கிற ஆட்களின் பிரெஞ்சு. இலக்கணம் கிடையாது, ஆனால் ஒன்றும் விளங்காமல் போனதில்லை.

மையத்தின் நடுக் கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் வெல்வெட்டுத் துணி, மேலே ஒரு விளக்கு. துணியில் ஒரு மஞ்சள் பிளாஸ்ரிக் பேணி, தண்ணீர் குடிக்கிற குவளை. விளிம்பை யாரோ கடித்திருந்தார்கள். ஒரு பக்கம் அடுப்பில் பட்டுக் கறுத்திருந்தது. கீழே "அபாயம்" என்று எழுதி, எந்த ஊரில் பிடிபட்டது என்றும் எழுதியிருந்தது. நான் அதை ஏதோ குண்டு என்று நினைத்து நெடுநாள் எட்ட நின்றே துடைத்தேன்.

ஹாவா வேலைக்கு வந்த முதல் நாளே பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"தொந்தோன், இது எங்கடை ஊர்ப் பேணி."

"எல்லாப் பேணியும் ஒரே மாதிரித்தான்."

"ஊர்ப் பேரை எழுதிக் கிடக்கு, பாருங்கோ. அந்தக் கறுப்பைக் கூட எனக்குத் தெரியும். மருந்தகத் தாதி தேத்தண்ணி வைக்கிற அடுப்பிலை சுட்டது."

பிறகு இருந்து விளக்கமாகச் சொன்னாள். அவளுடைய ஊர் மருந்தகத்தில் மலேரியாத் தடுப்புக் குளிசை பெட்டி பெட்டியாகக் கிடக்கிறது. பிள்ளை வயிற்றில் அசையத் தொடங்கின பிறகு, தாய் மாதா மாதம் போய் அதை விழுங்க வேணும். அதுவும் தாதியின் கண்ணுக்கு முன்னால். வீட்டுக்குக் கொண்டுபோனால் காய்ச்சல்காரர் யாராவது வாங்கி விழுங்கிவிடுவார்கள். விழுங்கத் தண்ணீர் வேணும். தண்ணீருக்குப் பேணி வேணும். ஊருக்கு இருந்தது இந்த ஒரு மஞ்சள் பேணி. ஒருத்தி குடித்தால் தாதி அலம்பி அடுத்தவளிடம் கொடுப்பாள்.

ஒருநாள் மையத்திலிருந்து ஒரு நிபுணர் ஜீப்பில் போய் இறங்கினார், விநியோகத்தை எப்படி மேம்படுத்தலாம் என்று பார்க்க. மத்தியானச் சாப்பாடு வரைக்கும் பார்த்தார். எல்லா வாயும் ஒரு பேணியில் படுவதைக் கண்டு தலையில் கை வைத்தார். பேணியைப் பையில் போட்டு, முத்திரை வைத்து, பாரிசுக்குக் கொண்டுவந்துவிட்டார். அங்கீகரிக்கப்பட்ட பேணி வரும்வரை யாரும் விழுங்கக் கூடாது என்று உத்தரவு.

"வீட்டிலை இருந்து பேணி கொண்டு போகலாமே?"

"கொண்டு போனவை. பரிசோதிக்காத பேணியாம். தாதி அரசாங்கச் சம்பளக்காரி, தொந்தோன். ஜீப்பிலை வந்தவன் சொன்னதை மீறுவாளே?"

ஹாவாவின் மகள் சிரா அந்த ஊரில்தான் இருக்கிறாள். பேணி ஊரை விட்டுப் போன அந்த வருசம் அவளுக்கு வயிற்றில் பிள்ளை. காய்ச்சல் வந்தது, பிள்ளை போயிற்று. இப்போது திரும்பவும் உண்டாகியிருக்கிறாள். பிள்ளை அசையத் தொடங்கிவிட்டதாம். சொல்லிவிட்டு ஹாவா பெட்டியின் கண்ணாடியைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே திரும்பத் திரும்ப.

அன்றைக்கே இயக்குநரிடம் போனோம். மொசியூ ழாக் நல்ல மனிதர். எந்தக் காலத்திலும் கழுத்தில் சால்வை. "ஆபிரிக்கா" என்று சொல்லும்போதெல்லாம் நெஞ்சில் கை வைப்பார். ஆபிரிக்காவில் விமானம் மாறியிருக்கிறார்.

"மொசியூ, அந்தப் பேணியைத் திருப்பி அனுப்பினால் என்ன? என்ரை மகளுக்கு இப்ப குளிசை வேணும்," என்று ஹாவா கேட்டாள்.

அவர் கண்ணை மூடிக் கேட்டார். "மதாம், முதலில் உங்களுக்கு நன்றி. கிராமத்தின் குரலை இவ்வளவு கிட்டத்தில் நான் கேட்டதே இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். பேணியைத் திருப்பிக் கொடுத்தால் பெண்கள் குளிசையை விழுங்கிவிடுவார்கள்."

"ஓம் மொசியூ. அதுக்குத்தானே கேக்கிறன்."

"விழுங்கிவிட்டால் நாங்கள் எதை மேம்படுத்துவது? ஒழுங்காக விநியோகம் நடக்கிற இடத்தில் விநியோகத்தை மேம்படுத்த முடியாது. இது அறிவியல். உங்கள் ஊர் எங்களுக்கு மேம்பாட்டுக்கு முந்திய நிலை. இவ்வளவு சுத்தமான ஒரு முந்திய நிலை கிடைப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? உங்கள் மகளைத் தனி ஆளாகப் பார்க்காதீர்கள், மதாம். அவர் ஒரு போக்கு. கீழே போகிற கோடு. அந்தக் கோடு போதுமான அளவு கீழே போனால்தான் நாங்கள் அதைத் தூக்கி நிறுத்தலாம்."

நெஞ்சில் கை வைத்து எங்களை வாசல் வரை அனுப்பி வைத்தார்.

"சிராவுக்கு வயிறு முன்னுக்கல்லோ போகுது," என்றாள் ஹாவா நடைபாதையில். "உந்த மொசியூ கோடு கீழை போகுது எண்டுறார்."

அங்கீகரிக்கப்பட்ட பேணிக்கு என்று, ஹாவா வருவதற்கு முன்பிருந்தே, ஒரு குழு இருந்தது. வியாழக்கிழமைகளில் கூடும். பேணிக்குக் காது ஒன்றா இரண்டா என்பதில் ஒரு கோடைகாலம் போயிற்று. ஒரு காது வைத்தால் இடக்கைக்காரருக்கு அநீதி. நிறத்தில் ஒரு மாரிகாலம் போயிற்று. வெள்ளை என்றால் காலனித்துவம், கறுப்பு என்றால் அவமதிப்பு, கண்ணாடி மாதிரி என்றால் உள்ளே இருக்கிற தண்ணீர் தெரிந்துவிடும். பேணி வடிவமைக்கப் போட்டி வைத்தார்கள். அடி இல்லாத பேணி ஒன்று முதற்பரிசு வாங்கியது. தண்ணீர்ப் பஞ்சத்தை அது வெளிக்காட்டுகிறதாம். இரண்டாம் பரிசு, பூமிக்குக் கேடு செய்யாத நாரில் செய்த பேணிக்கு. தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். அதுதான் அதன் சிறப்பு.

கூட்டம் முடிய நானும் ஹாவாவும் வண்டில் நிறையக் கிளாஸ் தள்ளிக்கொண்டு போய்க் கழுவுவோம். ஆளுக்குத் தண்ணீருக்கு ஒன்று, குமிழித் தண்ணீருக்கு ஒன்று, பழச்சாற்றுக்கு ஒன்று.

"இதிலை ஒண்டு எங்கடை ஊருக்குக் காணும், தொந்தோன்," என்பாள் ஹாவா, நுரைக்குள் கையை விட்டபடி.

அப்படிப் போன ஒரு வியாழக்கிழமை லிப்ட் பழுது. தண்ணீர்ப் போத்தல் கட்டுகளைப் படியால் தூக்கி ஏற்றி வியர்த்துப்போய், கோப்பி வைக்கிற குசினிக்குள் நின்று என்னுடைய போத்தலைத் திறந்து, அண்ணாந்து, வாய் படாமல் ஊற்றிக் குடித்தேன். நான் எப்போதும் அப்படித்தான் குடிப்பேன்.

"அசையாதீர்கள்!"

எனக்குப் புரைக்கேறிவிட்டது. கோப்பி எடுக்க வந்த மொசியூ ழாக் கதவில் நின்றார். திரும்பக் குடிக்கச் சொன்னார். குடித்தேன். குழுவைக் கூப்பிட்டார். முழுக் குழுவும் குசினிக்குள் நெரிந்து நின்று நான் குடிப்பதைப் பார்த்தது. ஒரு அம்மா குறிப்பெடுத்தா. ஒருவர் போத்தலுக்கும் என் உதட்டுக்கும் நடுவே அடிமட்டம் பிடித்தார். என் வயிறு குளம் மாதிரித் தளும்பியது.

கணக்குப் பிரிவில் வேலை செய்கிற செசிலை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். பாண்டிச்சேரிக் குடும்பத்துப் பிள்ளை. எனக்குப் பிரெஞ்சு விளங்கும் என்பதை அவர்கள் ஒருநாளும் யோசித்ததில்லை. குப்பைப் பையை மாற்று என்று பிரெஞ்சில் சொல்வதை மட்டும் நான் எப்படி விளங்கிக்கொள்கிறேன் என்றும் யோசித்ததில்லை.

"அண்ணே, வாய் வைக்காம குடிக்கிறத எங்க கத்துக்கிட்டீங்கன்னு முசியே கேக்குறாரு. கொஞ்சம் நல்லா சொல்லுங்க. அவரு கண்ணுல தண்ணி வந்துடுச்சு."

"இது கத்துக்கொண்டதில்லை, பிள்ளை," என்றேன். "எங்கடை ஆக்களைக் கிணத்திலை அள்ள விடமாட்டினம். தோட்டத்துக்குக் கூலிக்குப் போனால் வீட்டுக்கார அம்மா படியிலை நிண்டு செம்பாலை ஊத்துவா. நாங்கள் கீழை முழங்கால்லை இருந்து கையேந்திக் குடிக்கிறது. செம்பு எங்கடை கையிலை முட்டக்கூடாது. தேத்தண்ணிக் கடையிலையும் எங்களுக்குப் பேணி இல்லை, சிரட்டைதான். பேந்து வளந்து, என்ரை காசிலை வாங்கின போத்தல் எண்டாலும் வாய் கிட்டப் போகாது. வாய் அப்பிடிப் பழகிப்போச்சு."

செசில் என்னைப் பார்த்தாள். குழுவைப் பார்த்தாள். பிறகு பிரெஞ்சில் சொன்னாள்: "அவருடைய பண்பாட்டில் உயர்ந்தவர்கள் படியில் நின்று, தாகத்தோடு வருகிறவர்களுக்குத் தண்ணீர் வார்ப்பார்கள். பாத்திரம் கூட யாரையும் தொடாது. அவ்வளவு மரியாதை."

"பிள்ளை, நான் அப்பிடிச் சொல்லேல்லையே?"

"தெரியும்ணே," என்றாள் மெதுவாக. "எனக்கு அடுத்த மாசம் வேலைக் கொந்த்ரா புதுப்பிக்கணும். நீங்க சொன்னத அப்படியே சொன்னா இவங்க ஒரு நிமிஷம் மௌனமா நிப்பாங்க, அப்புறம் அதுக்கும் ஒரு குழு போடுவாங்க."

நானே என்னுடைய பிரெஞ்சில் சொல்லிப் பார்த்தேன். "மொசியூ, அது மரியாதை இல்லை. எங்களைத் தொட அவர்களுக்கு அருவருப்பு."

"அருவருப்பு!" மொசியூ ழாக் நெஞ்சில் கை வைத்தார். "கேட்டீர்களா? சுகாதார உணர்வு! கிருமி என்று ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில்! நாங்கள் பேணியைத் தேடினோம், நண்பர்களே. பேணியே தேவையில்லை என்று இந்த மனிதருடைய முன்னோர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்!"

முன்னோர்கள் கண்டுபிடித்தார்கள்தான். எந்த முன்னோர், யாருடைய முன்னோர் என்று யாரும் கேட்கவில்லை.

அதுக்கு "உயர வார்ப்பு முறை" என்று பெயர் வைத்தார்கள். காசு கொடுக்கிற நாட்டுக்காரர், பத்திரிகைக்காரர் எல்லாரையும் கூப்பிட்டுச் செய்து காட்ட நாள் குறித்தார்கள். கூடத்தில் ஒரு மரப்படி கட்டினார்கள். தமிழ்க் கடைகள் இருக்கிற ரூ காய்த் தெருவில் வாங்கின பித்தளைச் செம்பும் ஒரு வெள்ளை வேட்டியும் எனக்குத் தந்தார்கள். கர்ப்பிணிப் பெண் ஒருத்தி வேண்டியிருந்தது. ஹாவாவைப் பிடித்து, மொசியூ ழாக்கின் சோபாவில் இருந்த குஷனை வயிற்றில் கட்டினார்கள்.

"என்ரை பிள்ளையைப் பாத்தியளே, தொந்தோன்," என்றாள் அவள். "நல்ல வெல்வெட்டுப் பிள்ளை. இதுக்குக் காய்ச்சல் வராது."

சிராவிடமிருந்து அன்று காலையும் தொலைபேசி. மருந்தக வாசலில் நாலைந்து பெண்களோடு இருந்துவிட்டுத் திரும்பி வந்தாளாம். மழை தொடங்கிவிட்டதாம். மழை என்றால் நுளம்பு, நுளம்பு கடித்தால் மலேரியா.

மொசியூ ழாக் பேசினார். "சீமான்களே, சீமாட்டிகளே, இன்று ஆபிரிக்கத் தாய்க்கும் எங்களுக்கும் இடையில் இருந்த கடைசித் தடையை, அதாவது தொடுகையை, அகற்றுகிறோம். இனித் தாதி மேலே நிற்பார், தாய் கீழே இருப்பார். வேண்டியது போதுமான உயரம் ஒன்றுதான். அந்த உயரத்தை, நான் பெருமையோடு சொல்கிறேன், எங்கள் மையம் எப்போதும் கடைப்பிடித்தே வந்திருக்கிறது."

கைதட்டல். கண்ணாடிப் பெட்டியையும் படம் எடுக்கத் திறந்து வைத்திருந்தார்கள்.

நான் செம்போடு மேல்படியில் ஏறினேன். ஹாவா கீழே முழங்காலில் இருந்து, சொல்லிக்கொடுத்தபடி வாய்க்குக் கீழே கையை ஏந்தினாள். நான் இந்தக் காட்சியைக் கீழே இருந்துதான் கண்டிருக்கிறேன். கீழே இருந்து பார்த்தால் ஊற்றுகிற ஆளின் முகம் தெரியாது, செம்பின் அடிதான் தெரியும். மேலே இருந்து பார்த்தால் முகம், கை, விரலிடுக்கு எல்லாம் தெரிகிறது. அப்படியென்றால் அந்த அம்மாவுக்கும் எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

படியால் இறங்கினேன். வேட்டி தடக்கியது. பெட்டிக்குள் கையை விட்டு மஞ்சள் பேணியை எடுத்து, செம்புத் தண்ணீரை அதில் ஊற்றி, "எழும்பு ஹாவா, குடி," என்று கொடுத்தேன்.

ஹாவா எழும்பினாள். குஷன் கழன்று விழுந்தது. பேணியில் வாய் வைத்து, மடக் மடக்கென்று குடித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். மிச்சத்தை நானும் வாய் வைத்தே குடித்தேன். பிளாஸ்ரிக் மணத்தது.

செசில் நிலத்தைப் பார்த்தாள். மொசியூ ழாக்கின் முகம் வெளுத்து, சிவந்து, பிறகு மலர்ந்தது.

"இதுதான்!" என்று கத்தினார். "நீங்கள் இப்போது பார்த்தது, ஒருநாளும் செய்யக் கூடாதது!"

எல்லாரும் எழும்பி நின்று தட்டினார்கள். ஒரு நாட்டுக்காரர் அவ்விடத்திலேயே இரண்டாம் கட்டத்துக்குப் பணம் தருவதாகச் சொன்னார்.

பிறகு மொசியூ ழாக் என்னைத் தன்னுடைய அறைக்குக் கூப்பிட்டார். நான் வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"உங்கள் நடிப்பு அருமை. ஆனால் பேணி இப்போது அசுத்தம். கையுறை போட்டு, மையத்தின் முத்திரைப் பையில் கட்டி, அழித்துவிடுங்கள். பெட்டி வெறுமையாக இருக்கக் கூடாது, அதே மாதிரி ஒன்று தேடி வையுங்கள்."

"ஓம் மொசியூ."

ரூ காயில் தில்லைநாயகியின் கடையில் மஞ்சள் பேணி தொங்கிக்கொண்டிருந்தது. வாங்கி வந்து, விளிம்பை என் பல்லால் கடித்து, ஒரு பக்கத்தை லைற்றரால் சுட்டு, வெல்வெட்டில் வைத்தேன். ஊரிலிருந்து முதல் பேணியைக் கொண்டுவந்த அதே நிபுணர் பெட்டிக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். "இதை மறக்க முடியுமா?" என்றார்.

அழிக்கச் சொன்ன பேணி, ஹாவாவின் மச்சான் ஊருக்குப் போகும்போது அவனுடைய பெட்டியில் உடுப்புகளுக்கு நடுவே போயிற்று. முத்திரைப் பையோடுதான் போயிற்று. தாதி பையைக் கண்டாள், முத்திரையைக் கண்டாள். "அங்கீகரிக்கப்பட்ட பேணி வந்திட்டுது," என்று ஊருக்கு ஆள் விட்டாள்.

சிரா தொலைபேசியில் கூப்பிட்டபோது ஹாவா கக்கூஸ் கழுவிக்கொண்டிருந்தாள். கையுறையைக் கழற்றாமலே காதில் வைத்தாள்.

"விழுங்கிட்டாளாம், தொந்தோன்! தாதி வாயைத் திறக்கச் சொல்லிப் பாத்தவளாம்!"

அடுத்த மாதமும் விழுங்கினாள், அதற்கடுத்த மாதமும். பிள்ளை பிறந்தது. பெண். நல்ல கனமாம். அன்று ஹாவா தும்புத்தடியோடு கூடம் முழுக்க ஆடினாள். கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி ஆடும்போது மட்டும் நாக்கை நீட்டினாள்.

மையத்திலும் கொண்டாட்டம். அந்த ஊரில் கோடு கிடுகிடுவென்று மேலே ஏறிவிட்டதாம். உயர வார்ப்பு முறையின் வெற்றி என்று ஷம்பெய்ன் உடைத்தார்கள். அந்தக் கிளாஸையும் நாங்கள்தான் கழுவினோம். அவர்கள் அனுப்பின மரப்படியில் ஊர்க் கோழிகள் ஏறிப் படுக்கின்றன என்று சிரா சொன்னாளாம். நல்ல உயரம், நரி பிடிக்காது.

வெற்றியைப் படம்பிடிக்க நிபுணர் மறுபடியும் ஜீப்பில் போனார். போன இடத்தில், பெண்கள் வரிசையாக நின்று ஒரு மஞ்சள் பேணியில் வாய் வைத்துக் குடிப்பதைக் கண்டார். தலையில் கை வைத்தார். பேணியைப் பையில் போட்டு, முத்திரை வைத்து, பாரிசுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

இப்போது வெல்வெட்டில் இரண்டு பேணி. நான் கடித்த பேணிக்குக் கீழே "மேம்பாட்டுக்கு முன்" என்று எழுதியிருக்கிறது. உண்மையான பேணிக்குக் கீழே "மேம்பாட்டுக்குப் பின்". மொசியூ ழாக் விருந்தாளிகளுக்கு விளக்கம் சொல்கிறார்: "பாருங்கள், நாங்கள் தொடங்கும்போது ஒன்று. இப்போது இரண்டு. பிரச்சினை நாங்கள் நினைத்ததைவிடப் பெரிது."

நேற்றுக் காலை சிரா கூப்பிட்டாள். பின்னால் குழந்தை அழுகிற சத்தம் எனக்கும் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்திக்குப் பிள்ளை அசையத் தொடங்கிவிட்டதாம். தாதி திருப்பி அனுப்பிவிட்டாளாம். அங்கீகரிக்கப்பட்ட பேணி வரவேணுமாம்.

ஹாவா என்னைப் பார்த்தாள். முத்திரைப் பை, ஒரு முழுச் சுருள், தும்புத்தடி வைக்கிற அலுமாரியில் இருக்கிறது. அதை நிரப்பி வைக்கிறதும் எங்களுடைய வேலைதான்.

வேலை முடிய ரூ காய்க்கு நடந்தேன்.

"என்ன அண்ணை, திரும்பவும் மஞ்சள் பேணியோ?" என்றாள் தில்லைநாயகி. "இஞ்சை ஒருத்தரும் வாங்காத சாமான். நீங்கள்தான் தேடி வாறியள்."

"ரெண்டு தாங்கோ, தங்கச்சி."

"ரெண்டு என்னத்துக்கு?"

"ஒண்டு குடிக்க. மற்றது அவையள் பிடிச்சுக்கொண்டு வர."